வெள்ளைக் கோட்டுத் தியாகேசன்

ஒரத்தநாட்டுத் தியாகேசனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. முப்பத்திரண்டு வருஷம் கால்நடை ஆய்வாளராக இருந்தவர். சுற்றுவட்டாரத்துப் பசுக்களில் பாதிக்கு மேல் அவர் போட்ட சினை ஊசியில்தான் கன்று ஈன்றன. ஆனாலும் ஒருத்தன் வாயிலிருந்தும் வெறும் ‘டாக்டர்’ வந்ததில்லை. ‘மாட்டு டாக்டர்’தான். தான் படித்தது டாக்டருக்கு இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதை ஞாபகப்படுத்துகிறவர்களைத்தான் பிடிக்காது. மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்கு முன்னால் நைசாக ‘டாக்டர்’ என்று சேர்த்தார். “மாப்பிள்ளை வீட்டுல யாருக்காவது நெஞ்சுவலி வந்தா என்ன பண்ணுவீங்க?” என்று மனைவி அமிர்தம் அச்சகத்துக்கே போய் அதை எடுக்க வைத்தாள். அப்படியும் சீர்காழிச் சம்பந்தி மட்டும் எப்படியோ இவரை டாக்டர் என்றே நம்பிக்கொண்டிருந்தார். இவரும் மறுத்துப் பேசவில்லை.

இப்படிப்பட்ட மனுஷரிடம்தான் சிங்காரவேலு பழத்தட்டோடு வந்து நின்றான். சிங்கப்பூரில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்து, நெல் விளைந்த வயலில் கல் நட்டு மனை விற்கிற ஆள். மற்றவர்கள் மனை விற்கக் குலுக்கலில் தங்கக்காசு கொடுப்பார்கள். இவன் சண்டை காட்டுகிறான். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டை. கல்யாண மண்டபத்தின் நடுவில், கிரில் பட்டறையில் சொல்லிச் செய்த எட்டுமூலைக் கூண்டு. புனேயிலிருந்து ஒருவன், அவனுக்கு எதிரே, துபாயில் சூப்பர் மார்க்கெட் வேலைக்குப் போன இடத்தில் சண்டை கற்றுக்கொண்டு வந்த நீடாமங்கலத்து ராம்கி. கூண்டோரம் டாக்டர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. தஞ்சாவூர் டாக்டர்கள் ஆம்புலன்ஸ் உண்டா, அனுமதி உண்டா என்று கேள்வி கேட்டார்கள். தியாகேசன் கேட்க மாட்டார் என்பது சிங்காரவேலுவுக்குத் தெரியும்.

“தம்பி, நான் மாட்டுக்குத்தானே...”

“யாரு சார் கேக்கப்போறா? வெள்ளைக் கோட்டு போட்டு உக்காந்தா டாக்டருதான். பிளெக்ஸ்லயே போட்டுடறேன்.”

பிளெக்ஸ் என்றதும் மனுஷர் விழுந்துவிட்டார். மறுவாரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்தார். கீழே ‘டாக்டர் தியாகேசன்’. அதைப் பார்ப்பதற்காகவே நாலு நாள் காய்கறி வாங்கப் போனார். “இவ்வளவு கத்திரிக்காயையும் யாரு திங்கிறது?” என்று அமிர்தம் தலையிலடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிரம்பியது. பொன்னாடை போர்த்தவே ஒரு மணி நேரம் போனது. மனை வாங்கியவருக்கு ஒன்று, வாங்கப்போகிறவருக்கு ஒன்று. சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் ஒரு ஓரமாகக் கொட்டாவி விட்டார்கள்.

முதல் ரவுண்டு ராம்கியுடையது. இரண்டாவதில் புனேக்காரனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. மணி அடித்த பிறகும் ராம்கி ஸ்டூலில் உட்காரவில்லை. கூண்டுக் கம்பியில் நெற்றியை வைத்து முட்டித் தள்ளிக்கொண்டே நின்றான். “பாரு, என்னா வெறி!” என்று ஜனம் விசிலடித்தது.

தியாகேசன் நாற்காலியை விட்டு எழுந்தார். லாரி இடித்த பசு ஒன்று முன்பு இப்படித்தான் சுவரில் நெற்றியை வைத்துத் தள்ளிக்கொண்டு நின்றது. சும்மா முட்டுகிறது என்று ஊசியைப் போட்டுவிட்டு வந்தார். விடிவதற்குள் செத்துப்போனது. கூண்டுக்குள் ஏறி ராம்கியின் கண்ணில் டார்ச் அடித்தார். ஒரு கண்ணின் கருமணி சுருங்கியது, மற்றது சுருங்கவில்லை.

“போதும், நிறுத்துங்க” என்றார்.

சிங்காரவேலு ஓடிவந்தான். “சார், பரிசு குடுக்க வர்ற கட்சித் தலைவர் இன்னும் வந்து சேரல. பைபாஸ்கிட்ட வந்துட்டாராம். இன்னும் ஒரே ஒரு ரவுண்டு.”

“பையன் செத்துடுவான்யா!”

சிங்காரவேலு அவர் காதருகே குனிந்தான். “நீங்க யாருன்னு மைக்குல சொல்லவா?”

தியாகேசன் தடுமாறினார். பொய் சொல்வானேன், நன்றாகவே தடுமாறினார். முன்வரிசையில் சீர்காழிச் சம்பந்தி, இவரே அனுப்பிய பாஸில் வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். “டாக்டர், என்ன சொல்றீங்க?” என்று நடுவர் கேட்டார். ராம்கி கம்பியை முட்டிக்கொண்டேயிருந்தான்.

தியாகேசனே மைக்கைப் பிடுங்கினார்.

“நான் டாக்டர் இல்லீங்க. மாட்டு டாக்டருக்குக்கூட நான் படிக்கல. சினை ஊசி போடுறவன். ஜல்லிக்கட்டு மாடு இப்படி நின்னா அவுத்துவிட மாட்டோம். மாட்டுக்கே விட மாட்டோம்யா, இது மனுஷன்!”

மண்டபமே நெகிழ்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நாற்காலிதான் பறந்து வந்தது. “மாட்டு டாக்டரே, இறங்குய்யா!” என்று கத்தினார்கள். ஆனால் நடுவர் இரண்டு கையையும் வீசிச் சண்டையை முடித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் தலைவர் வாசலில் வந்து இறங்கினார். ஆம்புலன்ஸ் இல்லாததால் அவர் காரிலேயே ராம்கியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் பறந்தார்கள். பொன்னாடையும் கையுமாக நின்ற சிங்காரவேலு, டாக்டர் என்று சொல்லித் தியாகேசன் தன்னை ஏமாற்றிவிட்டதாக அன்றைக்கே ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தான்.

ராம்கிக்குத் தலையில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டான். பிளெக்ஸைக் கழற்றிவந்து அமிர்தம் வைக்கோல் போர்மேல் போட்டாள். சம்பந்தி போன் பண்ணுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ராம்கியின் அம்மா வேம்பு, ஒரு பை நிறையக் கத்திரிக்காயோடு வந்தாள். “டாக்டரய்யா, எம் புள்ள உசிரு நீங்க போட்ட பிச்சை” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“டாக்டர் இல்லம்மா, வெறும் மாட்டு ஆளு” என்றார் தியாகேசன், ரொம்ப அடக்கமாக.

அவள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தார். பிறகு உள்ளே ஓடினார்.

“அமிர்தம், அந்தம்மா என்னை என்னன்னு கூப்புட்டாங்க, காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு, விழுந்துச்சு.”

“அப்ப சீர்காழிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லேன்.”