உதவியாளர், இரண்டு ஷிப்ட்

இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம் என்று டாக்டர் சொன்ன மறுநாள், திருச்சியில் அதற்கென்றே இருந்த ஒரு இல்லத்தில் அப்பாவைச் சேர்த்தோம். ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டில் நினைத்த நேரத்துக்கு வலி ஊசி போட ஆள் இல்லை. மாதம் பதினெட்டாயிரம், எல்லாம் அதில் அடக்கம் என்று போனில் சொன்னார்கள். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியே என்னைப் படிக்க வைத்தவர் அப்பா. பல்லைக் கடித்துக்கொண்டால் என் சம்பளத்தில் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

சேர்த்த அன்று ஆறு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம். என் முதுகுக்குப் பின்னால் அம்மாவும் சித்தப்பாவும் நின்றார்கள்.

"காலேஜ் முடிச்ச புள்ளம்மா, அவனே படிச்சுக்குவான்" என்று சித்தப்பா கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னார்.

நாலாம் பக்கத்தில் ஒரு பத்தி புரியவில்லை. அவர் அப்படிச் சொன்ன பிறகு அர்த்தம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மீதிப் பக்கங்களைப் படிப்பதுபோல் புரட்டி, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டைத் தாண்டி வந்த முதல் ஆள் செய்த காரியம் அது.

பத்தாம் நாள் பில் வந்தது. உதவியாளர், இரண்டு ஷிப்ட், ஒன்பது நாள்: பத்தாயிரத்து எண்ணூறு. காற்று மெத்தைக்கு வாடகை தனி. போர்வை துவைக்கத் தனி.

பகலில் ஒரு அக்கா, ராத்திரியில் வேறொருவர், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பணம். அம்மாவோ அவர்களைத் துணைக்கு உட்காரும் நல்ல மனுஷிகள் என்று நினைத்திருந்தாள். அப்பாவைப் புரட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அம்மாதான். பகல் அக்கா எழுந்தாலும் அம்மா விடமாட்டாள்.

"நீ உக்காரு கண்ணு. எம் புருசன் அசிங்கத்த நீ எதுக்கு அள்ளணும்?"

போதாததற்குத் தினமும் தன் காசில் அந்த அக்காவுக்கு டீயும் வடையும் வேறு.

சித்தப்பாவை அழைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"எங்கம்மா செய்யற வேலைக்கு நாங்க உங்களுக்குக் காசு கட்டணுமா?"

"நீங்கதானே சார் சைன் பண்ணியிருக்கீங்க. நாலாம் பக்கம் பாருங்க."

"போன்ல எல்லாம் அடக்கம்னு சொன்னீங்களே?"

"பெட்டு, சாப்பாடு, மருந்து அடக்கம் சார். ஆளு எப்படி அடக்கமாகும்?" சிரித்தார்.

"சாகக் கெடக்கறவங்களைத் தூக்கிட்டு வர்றவன் நாலாம் பக்கத்தப் படிக்க மாட்டான்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்ல?"

"கத்தாதீங்க சார், பேஷண்ட்டுங்க இருக்காங்க."

என் அப்பா யாராம்? மேஜையில் இருந்த படிவத்தை இழுத்து அந்தப் பத்தியில் விரலை வைத்தேன். "எனக்கு இது புரியல. தமிழ்ல சொல்லுங்க." சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

மேனேஜர் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். குடும்பத்தில் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் உதவியாளர் வேண்டியதில்லையாம். முதல் நாளிலிருந்து அம்மா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. அதைத் தினமும் பார்த்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். இன்றிலிருந்துதான் செல்லும், ஆனதைக் கட்டியே ஆக வேண்டும் என்றார். கட்டாவிட்டால் அப்பாவை எங்கே தூக்கிக்கொண்டு போவது? கட்டினேன்.

பகல் அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். "ஷிப்ட்டுக்கு அறுநூறு வாங்கறாங்க, என் கைக்கு முந்நூறுதான் தம்பி வருது. அம்மாவும் என்னை எந்திரிக்கவே விடல." அவர் மேல் கோபப்பட எனக்கு வழியில்லை.

அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நாமதான் காசு குடுத்து அவள உக்கார வெச்சிருந்தமா?"

"ஆமாம்மா."

"டீயி வேற வாங்கிக் குடுத்தனேடா!"

நான் மறுபடியும் மேனேஜர் அறைப் பக்கம் கிளம்பினேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சண்டய அப்பறம் போடு. இவரப் பொரட்டணும், இடுப்புக்கு அடியில கையக் குடு." கொடுத்தேன். மூட்டை சுமந்த உடம்பு என் ஒரு கைக்கு அடங்கியது.

அப்பா அதற்குப் பிறகு பதினாறு நாள் இருந்தார். ஒன்பது நாள் பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த இல்லத்துக்கு இதுவரை மூன்று கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நாலாவதை இந்த வாரம் நேரில் கொண்டுபோகிறேன். சித்தப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.