மாமாவின் வெள்ளைச் சட்டையும் மகளின் பிளாஸ்டிக் ஜட்டியும்

என் மூத்த மகள் தவழத் தொடங்கியிருந்த சமயம், என் கணவர் கொழும்பிலிருந்து பாம்பனுக்கு வந்தார். கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் அவருக்கு வேலை. ஆண்டுக்கு ஒருமுறைதான் வருவார். பெட்டியைத் திறந்ததும் சேலை வரும் என்று நான் காத்திருக்க, முதலில் வெளியே வந்தவை குழந்தைக்கான மூன்று ஜட்டிகள். ஒன்று இளஞ்சிவப்பு ரப்பர். இன்னொன்று மெல்லிய பிளாஸ்டிக், தொடையில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தது. மூன்றாவதும் பிளாஸ்டிக்தான், ஆனால் தளர்வானது, தையலே இல்லாமல் ஒட்டியது, இரு பக்கமும் பித்தான். துணியை மடித்துக் கட்டி அதற்கு மேல் இதை மாட்டினால் ஈரம் வெளியே வராது என்று கடைக்காரர் சொன்னாராம்.

இதில் என்னைவிட ஆர்வம் காட்டியவர் என் மாமனார். ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு மூத்திரம் பட்டாலும் தொழுகைக்கு ஆகாது, உடை மாற்ற வேண்டும். அதனால் பேத்தியைத் தூக்கவே பயப்படுவார். சற்றுத் தள்ளி நின்று விரலைச் சொடுக்குவார், நாக்கைத் தட்டி ஓசை எழுப்புவார். பிள்ளை சிரித்துக்கொண்டு கையை நீட்டினால், வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார்.

வெகுகாலம் தோணியில் இலங்கைக்குச் சரக்கு ஏற்றிப் போனவர் அவர். எதை வாங்கினாலும் முதலில் ஒழுகுமா என்றுதான் பார்ப்பார். மூன்று ஜட்டிகளையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, குழிந்த அடிப்பகுதியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். எலாஸ்டிக் வைத்தது தையல் வழியே உடனே கசிந்தது. ரப்பரும் பித்தான் போட்டதும் ஒரு சொட்டும் விடவில்லை. கசிந்ததைப் பிள்ளைக்கும் போட்டுப் பார்த்தேன். கொழுகொழு தொடையில் சிவப்பாக வளையம் விழுந்தது. அது அன்றோடு பரணுக்குப் போனது.

கணவர் கொழும்புக்குத் திரும்பிப் போனபின் ரப்பர் ஜட்டியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. துவைத்த துணியெல்லாம் அப்பளம்போல விறைத்துவிடும். ரப்பரும் விறைத்துவிடக் கூடாதே என்று மாமா நினைத்தார். தோணி மரத்துக்கு எண்ணெய் பூசிக் காப்பாற்றிய பழக்கம் அவருக்கு. ஒரு நாள் நான் அடுப்படியில் இருக்கும்போது, ஜட்டி முழுக்கத் தேங்காய் எண்ணெயைத் தடவி வெயிலில் காயப்போட்டுவிட்டார். இரண்டே நாளில் அது ஊறிப்போய், பிசுபிசுவென்று மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போனால் பிய்ந்து வந்தது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது. மாமனார் முன்னால் சிரிக்க முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

"சிரிச்சிரும்மா, அடக்காத," என்றார். "தோணிக்கு ஆவுறது பிள்ளைக்கு ஆவலை."

இருவரும் சேர்ந்தே சிரித்தோம். மிஞ்சியது பித்தான் வைத்த ஒன்றுதான். அதை நான் யாரையும் தொட விடவில்லை. குளிர்ந்த நல்ல தண்ணீரில் லேசாகச் சோப்புப் போட்டுக் கையால் தடவிக் கழுவுவேன். முறுக்கிப் பிழிவதில்லை. பழந்துணியால் ஒற்றி, நிழலில் விரித்து, காய்ந்ததும் கொஞ்சம் பவுடர் தூவி வைப்பேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும் நாளில், குளிப்பாட்டித் துடைக்கும்வரை அதைப் பக்கத்தில் கொண்டுவருவதே இல்லை.

பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து புதுச்சட்டையோடு வந்த மாமா, அதைக் கழற்றாமல் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார்.

"இங்கன தா. கடக்கரை வரைக்கும் கொண்டுபோயிட்டு வாரேன்."

நான் பித்தான்களை இன்னொருமுறை சரிபார்த்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு பிரியாணிச் சட்டியைக் கிளறுவதும் வாசலை எட்டிப்பார்ப்பதுமாகவே இருந்தேன். தெருத்தெருவாகச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் தூக்கிப் போயிருக்கிறார். மத்தியானம் திரும்பினார். தோள் முழுக்கப் பிள்ளையின் எச்சில், சட்டைப் பையில் பாதி கடித்த பேரீச்சம்பழம். மடியில் மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை. அப்படியே லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் போனார்.

ஆனால் ஜட்டியைக் கழற்றியபோது உள்ளே துணி நனைந்து ஊறி, பிள்ளையின் தோல் சிவந்திருந்தது. காலையில் கட்டிய துணி அது. கழுவித் துடைத்ததும் வீறிட்டு அழுதாள். தொழுதுவிட்டு வந்த மாமாவுக்கு முகமே செத்துப்போனது. வெளியே காய்ந்திருந்ததால் உள்ளே பார்க்கத் தோன்றவில்லை என்றார். இரண்டு நாள் ஜட்டியே போடாமல் காற்றாட விட்டோம். சிவப்பு போய்விட்டது.

அதன்பிறகு அவரே ஒரு வழி வைத்துக்கொண்டார். தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் கேட்டதும், "துணியை மாத்தும்மா," என்று என்னைக் கூப்பிடுவார். நான் மாற்றி முடித்த பிறகுதான் பள்ளிவாசலுக்குக் கிளம்புவார். நடுவில் நனைந்தால் நானே பார்த்து மாற்றிவிடுவேன்.

மறு ஆண்டு கணவர் வந்தபோது மகள் நன்றாக நடக்கப் பழகியிருந்தாள். அவர் புதிதாக வாங்கி வந்த ஜட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் கவுனோடு வாசலுக்கு ஓடினாள். பின்னால் மாமா, செருப்பைக்கூட மாட்டாமல்.