அடையாள அட்டை கேட்டு வந்தவன்

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கோயில் மண்டபத்தில் யாழ்ப்பாணக் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தோம். சண்டையில் தரைப்பாதை பூட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் என் அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தா. மூச்சு நிற்கும் முன் அவவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. கப்பல் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. இந்தச் சமயம் பார்த்துத்தான் அந்த நாசமறுப்பான் உள்ளே நுழைந்தான். அயன் மடிப்புக் கலையாத சட்டை வேறு.

“நாளைக்குக் கப்பல் வருது. அடையாள அட்டையளைத் தாங்கோ. துறைமுகத்திலை பதிஞ்சுபோட்டுப் பின்னேரம் கொண்டந்து தாறன்.”

கேட்டவுடனே கைகள் நீண்டன. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. எவன் கை நீட்டினாலும் வாய் திறக்காமல் அட்டையைக் கொடுத்துப் பழகிவிட்டது எங்கள் சனம். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவடியில் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே திருப்பித் தருவார்கள். இவனோ தேடி வந்து வாங்குகிறான், மொத்தமாய் அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறான், அதற்குள் அவசரம் வேறு.

“தம்பி, முதல்ல உம்மட அட்டையைக் காட்டும் பாப்பம்” என்றேன்.

சிரித்தான். “அக்கா, ஒராள் தராட்டிலும் பதியமாட்டினம். உங்களாலை இவ்வளவு சனமும் நிக்கப்போகுது.”

மண்டபமே என்மேல் பாய்ந்தது. “உவவின்ரை கதையைப் பார்!” “குடுத்துத் துலையுமன்!” என் கணவர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு என்னிடம் பல்லைக் கடித்தார்: “வாயைப் பொத்திக்கொண்டு குடு. மானத்தை வாங்காதை.” நான் கைப்பையை அணைத்துக்கொண்டு சுவரோடு இருந்துவிட்டேன். ஒருவர் தராவிட்டாலும் பதியமாட்டார்கள் என்றவன் என்னுடையது இல்லாமலே போனான். அதைக்கூட ஒருவரும் யோசிக்கவில்லை.

மறுநாள் வெறுங்கையோடு வந்து நின்றான். அட்டைகள் உள்ளே சிக்கிவிட்டனவாம், ஆளுக்கொரு நகை கொடுத்தால்தான் வெளியே வருமாம். பொலிசுக்குப் போவோம் என்றேன். அட்டை இல்லாமல் போகிறவனைத்தான் முதலில் உள்ளே போடுவார்கள். அந்தக் கள்ளன் அதையும் கணக்குப் பண்ணித்தான் வந்திருந்தான். என் கணவர் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மோதிரமும் போனது, அவனும் போனான்.

பிறகு உண்மையாகவே கப்பல் வந்தது. துறைமுக வாசலில் ஆமிக்காரன் கை நீட்டினான். கொடுத்தேன், பார்த்துவிட்டுத் தந்தான்.

“என்னை விட்டிட்டுப் போறியோ? நில்லடி!” என் கணவர் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்.

“அம்மா காத்திருக்கமாட்டா” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நான் போனபோது அம்மாவுக்கு உயிர் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “தனியவோ பிள்ளை வந்தனி?” என்றா. பிறகு அவ கதைக்கவில்லை.

அந்தக் கள்ளனைப் பற்றி என் கணவர் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. நடுவழியில் விட்டுவிட்டுப் போனவள் என்று என்னைத்தான் சொந்தம் முழுக்கச் சொல்லித் திரிகிறார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். ஏலாது.