பாட்டு முடியும்வரை இறங்காதவர்கள்

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடிப்படியின் அடியில் ரெக்கார்டிங் கடை போட்டேன். எழுந்தால் தலை இடிக்கும், உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். அந்தப் பக்கத்தில் முதல் ரெக்கார்டிங் கடை அதுதான். இல்லை என்று சொல்ல இன்றுவரை ஒருத்தரும் வரவில்லை. ஓடாமல் கிடந்த இரண்டு டேப் டெக்கை நானே பிரித்து நானே பூட்டி ஓட வைத்தேன். பொள்ளாச்சி ரோட்டில் ஓடிய தனியார் பஸ்களில் பாதிக்குமேல் பாட்டு செட் பூட்டியது இந்தக் கைதான். கடைசி சீட்டுக்காரனுக்கும் பாட்டுப் போக வேண்டும், முன்சீட்டில் மடியில் குழந்தை வைத்திருப்பவளுக்கும் காது வலிக்கக் கூடாது. அதற்கு ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று கண்டுபிடித்தவன் நான். குனியமுத்தூரில் ஊடு கட்டினேன். இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன், சின்னவள் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். நான் படித்தது ஐந்தாவது. "பாட்டுப் புடிச்சுக் குடுக்கறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று என் மாமனார் பந்தியில் வைத்துக் கேட்டார். அதே மாமனார் பின்னால் என் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் "மாப்பிள்ளை கடைங்க" என்று சொன்னார்.

இவ்வளவும் செய்தேன். இதற்கெல்லாம் மேலே ஒன்று செய்தேன். நாடு முழுக்க எந்தப் பாட்டு முதலிடம், எது இரண்டாமிடம் என்று வரிசை போட்டார்களே, அந்த வரிசையில் கோயமுத்தூர்ச் சீமை என்ன கேட்கிறது என்று சொன்னவன் நான். அதைத்தான் இப்போது இல்லை என்கிறார்கள்.

ரெக்கார்டிங் கடை என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வேண்டிய பாட்டுகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். இசைத்தட்டில் இருந்து காலி கேசட்டில் பதிந்து கொடுப்பேன். கம்பெனிக்காரர்கள் கண்ணுக்கு அது திருட்டு, ஊர் கண்ணுக்கு அது கடை. நாளெல்லாம் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பேன். ஒரு பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டுக் கேட்டு வெட்டினால்தான் கேசட் சுத்தமாக வரும்.

எனக்கு ஒரு டிரைவர் சிநேகிதர் இருந்தார். பொள்ளாச்சிக்கு ஓட்டுகிறவர், ஊடு சிங்காநல்லூரில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். நான் அவரை டிரைவரே என்பேன், அவர் என்னைப் பங்காளி என்பார். அவர் பஸ்ஸில் ஓடுவதெல்லாம் என் கேசட். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏம் பங்காளி, உன்னால டைம்கீப்பர்கிட்ட நான் பாட்டு வாங்கறேன்."

"நான் என்னங்க பண்ணுனேன்?"

"பொள்ளாச்சி ஸ்டாண்டுல வண்டி நின்னுபோச்சு. ஒருத்தர் எறங்கோணுமே! கண்டக்டர் கெடந்து கத்தறான், ‘எறங்குங்க சாமி, பொள்ளாச்சி வந்துபோச்சு’ன்னு. கூடையை மடியில வெச்சிருக்கற அம்மா ஒண்ணு, ‘சித்த இரு கண்ணு, இந்தப் பாட்டு முடியட்டும்’ங்குது. பஸ்ஸே ஆமாங்குது. நானும் ஸ்டீரிங்கப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன், என்ன பண்றது?"

"நீங்க ஏன் டேப்ப நிறுத்தலை?"

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "நல்லாத்தான இருந்துச்சு" என்றார்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கேசட் எத்தனை விற்றது என்று எண்ணுவது ஒரு கணக்கு. காசு இருக்கிறவன்தான் கேசட் வாங்குவான். வந்த ஊரில் இறங்காமல் ஒரு பாட்டுக்காக உட்கார்ந்திருப்பது வேறு கணக்கு. தோட்டத்துக்குப் போகிறவள், மில்லில் ஷிப்டு முடித்தவன், காலேஜ் பிள்ளை எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். பஸ் நின்ற பிறகும் ஆட்களை உட்கார வைக்கிற பாட்டு முதலிடம். அடுத்த பஸ் காலியாக வந்தாலும், இந்தப் பாட்டு ஓடுகிற பஸ்தான் வேண்டும் என்று நெருக்கியடித்து ஏற வைக்கிற பாட்டு இரண்டாமிடம். கண்டக்டரை விசில் அடிக்க மறக்க வைத்தால் மூன்று. இப்படிப் பத்து வரைக்கும் வகை செய்தேன். வெள்ளிக்கிழமை பொள்ளாச்சி ரோட்டு டிரைவர், கண்டக்டர்கள் டீ குடிக்கும்போது வாரம் முழுக்க நடந்ததைச் சொல்வார்கள், நான் வரிசை போடுவேன்.

எழுதப் பலகை வேண்டுமே. சிங்காநல்லூர்ப் பட்டறையில் ஒரு பழைய பஸ்ஸைப் பிரித்தபோது அதன் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, டிரைவர் பஸ் கூரையிலேயே போட்டுக்கொண்டு வந்தார். ஓரத்தில் ரிவெட் வரிசை. நடுவில் லாரி உரசிய நீள வடு. அந்த வடுவுக்கு மேலே ஐந்து பாட்டு, கீழே ஐந்து பாட்டு. கோடு போடும் வேலை எனக்கு மிச்சம்.

வெள்ளிக்கிழமை என்றால் கடை முன்னால் கூட்டம். டிரைவரும் நானும் அங்கேயே சண்டை போடுவோம்.

"அதப் போயி மூணாவது போட்டயா? உனக்குக் காது இருக்குதா பங்காளி?"

"ஓட்டறது நீங்க. காது என்னுதுங்."

கூட்டம் சிரிக்கும். ஒரு பாதி அவர் கட்சி, ஒரு பாதி என் கட்சி. கடைசியில் நான் எழுதியதுதான் நிற்கும்.

கேசட் கம்பெனியின் பிரதிநிதி ஒருத்தர் அந்தக் கூட்டத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார். கம்பெனியின் தலைமை ஆபீஸ் பம்பாயில், இவருக்கு இருப்பு மெட்ராஸ். வட்டாரம் வட்டாரமாக நிலவரம் வாங்கி, மேலே அனுப்பி, நாட்டுக்கே ஒரு வரிசை போடுகிற வேலை. அது ரேடியோவில் வரும், பத்திரிகையில் வரும். அவர் கேசட் கடைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார். கடைக்காரர்கள் விற்காமல் தேங்கியதையெல்லாம் முதலிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் என் பலகைக்கு வந்தார். டீயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதிக்கொள்வார். "என்னண்ணே, இந்த வாரம் யாரைக் கவுத்தீங்க?" என்பார். வராத வாரம் டிரங்க் கால் போட்டு எதிர் மருந்துக்கடைக்குக் கூப்பிடுவார்.

ரேடியோவில் அந்த வரிசையின் தென்னாட்டுப் பங்கு வரும்போது நான் பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். மற்ற ஊர்க் கணக்கும் சேருமே, அதனால் அப்படியே வராது. ஆனால் இங்கே ஏறினது அங்கே ஏறியது, இங்கே விழுந்தது அங்கே விழுந்தது. ஒரு தடவை கேட்டேன், "ஏனுங்க, என் பேரை ஒரு ஓரமா எழுதினா என்னுங்க?"

அவர் சிரித்தார். "அண்ணே, உங்க கடை ரெக்கார்டிங் கடை. பேரைப் போட்டா முதல்ல உங்களைப் பிடிப்பாங்க, அப்புறம் என்னைக் கேப்பாங்க. ‘கோவை வட்டாரம்’னு போடறேன். அது நீங்கதான். எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு வரிசை டிவிக்குப் போனது. பெண் பிள்ளை ஒருத்தி நின்றுகொண்டு பத்தில் இருந்து ஒன்றுக்கு இறங்கி வருவாள். போனில் ரிங்டோன் எத்தனை பேர் வைத்தார்கள் என்று எண்ணினார்கள். இப்போது செல்போனில் எத்தனை தடவை ஓடியது என்று அதுவே எண்ணிக்கொள்கிறது. பஸ்ஸில் ஆளுக்கொரு வயரைக் காதில் மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவன் என்ன கேட்கிறான் என்று யாருக்கும் தெரியாது. பஸ் நின்றால் இறங்கிவிடுகிறார்கள், பாட்டும் அவர்களோடு போய்விடுகிறது. மாடிப்படியை இடித்தபோது கடையும் போனது. என் காதும் போனது. இடது காது முழுக்க இல்லை. வலது காதில் மெஷின் வைத்தால் எதிரில் இருப்பவர் பேச்சு கேட்கும். பாட்டு வைத்தால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். எந்தப் பாட்டும் எனக்கு இப்போது ஒரே பாட்டுதான்.

இப்படி இருக்கையில்தான் சின்னவள் என்னைச் சரவணம்பட்டிக்குக் கூட்டிப்போனாள். "அப்பா, பாட்டு வரிசையோட கதைன்னு கண்காட்சி போட்டிருக்காங்க. நீங்க வந்து பாக்கோணும்." குளிர்ந்த பெரிய ஹால். சுவர் முழுக்கப் படங்கள். ரேடியோ, கேசட், டிவி என்று வரிசையாக நாட்டின் கதை. ஒரு இடத்தில் கம்பெனிப் பிரதிநிதியின் படம். கீழே, வட்டாரம் வட்டாரமாக அலைந்து மக்கள் ரசனையைத் திரட்டியவர் என்று எழுதியிருந்தது. சந்தோஷப்பட்டேன். அதற்கு அடுத்த படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

என் பலகை. ரிவெட் வரிசை, நடுவில் லாரி வடு, மேலே ஐந்து, கீழே ஐந்து. ஓரத்தில் சாக்பீஸ் பிடித்த ஒரு கை, முழங்கைவரைக்கும். அதற்குமேல் படத்தை வெட்டிவிட்டார்கள். கீழே: ‘பேருந்து நிலையப் பலகை, கோவை. எழுதியவர் தெரியவில்லை.’

"கண்ணு, இது என்ற கை" என்றேன். எனக்குக் காது கேட்காததால் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். ஹாலே திரும்பிப் பார்த்தது.

பொறுப்பில் இருந்த அம்மணி ஓடி வந்தாள். மரியாதையான பெண். நான் சொன்னதை எல்லாம் நின்று கேட்டாள். ஹாலின் எதிரொலியில் அவள் பேசியது எனக்கு எட்டவில்லை என்று தெரிந்ததும் செல்போனில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினாள். இந்தக் கண்காட்சி புத்தகமாக வரப்போகிறது, மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதன் பிறகு ஒரு எழுத்தும் மாற்ற முடியாது. ஆதாரம் இருந்தால் கொடுங்கள் ஐயா.

அவளே பிரதிநிதிக்குச் செய்தி அனுப்பிக் கேட்டாள். மெட்ராஸில் மகனோடு இருக்கிறாராம். பதில் அங்கேயே வந்தது. மகள் என் காதருகே குனிந்து படித்துக் காட்டினாள்: "நிறைய ஊர், நிறைய கடை பார்த்தேன். குறிப்பாக யாரும் ஞாபகம் இல்லை."

எனக்குத் தெரியாதா என்று சொன்ன மனுஷன்.

சரி, டிரைவர் இருக்கிறார் என்றேன். எது மேலே எது கீழே என்று வெள்ளிக்கிழமைதோறும் சண்டை போட்ட ஆள், அவர் சொல்லட்டும். அவர் படுக்கையில் விழுந்ததில் இருந்து பார்க்கப் போகவில்லை. அவருடைய தணிந்த பேச்சு என் காதுக்கு எட்டாது, எதிரே உட்கார்ந்து என்ன பேசுவது என்று தள்ளிப்போட்டிருந்தேன். மறுநாளே அம்மணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு சிங்காநல்லூர் போனேன்.

வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே சுவரில் அவர் படம், மாலை வாடியிருந்தது, முன்னால் மெழுகுவத்தி. அவர் வீட்டம்மா என்னைப் பார்த்ததும் அழவில்லை. கோபமாக வந்தார்.

"இப்பத்தான் வாரீங்களாண்ணா? எத்தனை தடவை அடிச்சமுங்க உங்களுக்கு! எம் பையன் நம்பர்ல இருந்து அடிச்சுட்டே இருந்தான். மண்ணுப் போடற வரைக்கும் அடிச்சமுங்க."

மகள் என் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துப் பார்த்தாள். தெரியாத நம்பரில் இருந்து வரிசையாக மிஸ்டு கால் வந்து கிடந்தது. பையில் அது அடித்தது எனக்குக் கேட்கவில்லை. அவரை மண்ணில் இறக்கும்போது நான் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்திருப்பேன்.

உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து மகள் விஷயத்தைச் சொன்னாள். அந்தம்மா, "அந்தத் தகரமா? பின்னால இருக்குதுங்களே" என்றார்.

கடை போனபோது தகரத்தை அவரிடமே கொடுத்திருந்தேன், இன்னும் வைத்திருப்பார் என்று நினைக்கவில்லை. குளிக்கிற இடத்துக்கு மறைப்பாக நிறுத்தியிருந்தார். கறுப்பு உரிந்து அடியில் பஸ்ஸின் பச்சை தெரிந்தது. அதே ரிவெட், அதே வடு. சாக்பீஸ் எழுத்து எத்தனை மழைக்குத் தாங்கும், ஒன்றும் இல்லை. அம்மணி செல்போனில் பழைய படத்தை வைத்து ஒவ்வொரு ரிவெட்டாக ஒத்துப் பார்த்தாள். தலையாட்டினாள்.

"இதுல எழுதுனது யாருங்கம்மா?" என்று கேட்டாள்.

"இவருதானுங்க. வெள்ளிக்கெழமையானா எங்க வீட்டுக்காரர் வந்து சோறு திங்காம படுத்துக்குவாரு. ‘நான் மொதல்னு சொன்னேன், அவன் மூணுன்னு எழுதிப்போட்டான்’னு ஒரே பொலம்பலு. ‘அந்தாளு கூடச் சேராதீங்க’ன்னா, ‘அவன் சொல்றதுதான் சரி, அதான் எரிச்சலா வருது’ம்பாரு."

இதை அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. மகளைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"தகரத்தக் கொண்டுபோறதா இருந்தா மறைப்புக்கு வேற ஒண்ணு வேணுமுங்க" என்றார் அந்தம்மா. புதுத் தகரம் நானே அனுப்பினேன். பலகை இப்போது ஹாலில் இருக்கிறது. புத்தகத்துக்குப் போகும் பக்கத்தை அம்மணி மகளுக்கு அனுப்பியிருந்தாள். ‘ஓட்டுநர் குடும்பத்தினர் வழங்கிய பலகை. எழுதியவர் குறித்து வாய்மொழித் தகவல் மட்டுமே உள்ளது.’ குழுவின் முடிவாம். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாய்மொழிதானே ஐயா எல்லாம்? பஸ்ஸில் கூடையோடு உட்கார்ந்திருந்தவள் வாயால் சொன்னாள், கண்டக்டர் வாயால் சொன்னான், அதை நான் எழுதினேன், அதை உங்கள் பிரதிநிதி எழுதினார். அவர் எழுதியதும் வரலாறு, நான் எழுதியது தகவலா?

இங்கே நான் யார் பேரையும் எழுதவில்லை, என் பேரையும் எழுதவில்லை. எழுத வேண்டிய இடம் அந்தப் பலகைக்குக் கீழே, இரண்டு பெயரும் அம்மணியிடம் இருக்கிறது. எழுதியவன் இன்னும் உயிரோடு இருக்கிறான். கையைக் காட்டச் சொன்னால் கையைக் காட்டுகிறேன். என் பேரை மேலே போடுங்கள், டிரைவர் பேரை அதற்குக் கீழே போடுங்கள். அவர் இருந்தால் இந்த வரிசைக்கும் சண்டைக்கு வருவார். வர மாட்டார். அச்சுக்குப் போகும் முன்னால் போடுங்கள்.