கைராசி உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

பாண்டியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் படித்தபோது, சேரப்போவது அழகுக்கலைப் பயிற்சியா போலீஸ் வேலையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், வளையல் கூடாது. தலைமுடியை வலை போட்டு அடக்க வேண்டும். கறுப்பு பேண்ட், வெள்ளைக் கோட்டு, சத்தம் வராத செருப்பு. நாற்பத்தைந்து நாள் விடுதியில் தங்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் மாலை ஆறுக்குத்தான் வெளியே. லீவு கேட்கக் கூடாது. யார் செத்தாலும் என்பதை மட்டும்தான் எழுதவில்லை. விளம்பரத்தில் முன் அனுபவம் தேவையில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தவர்கள், பட்டியலில், புருவம் எடுக்கும் நூலை முன்பே பிடித்துப் பழகி வரவும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

என்னைப் படுத்தி எடுத்தது கடைசி வரி. பயிற்சியின் முடிவில் மணப்பெண் அலங்காரத் தேர்வு உண்டு. அதற்கு உட்காரும் மாடலை நாமே கொண்டுவர வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணாக இருக்க வேண்டும். அவளுடைய போட்டோ, தோலில் அலர்ஜி எதுவும் இல்லை என்ற விவரம், சம்மதக் கையெழுத்து எல்லாவற்றையும் சேரும் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். மாடல் இல்லையென்றால் சேர்க்கை இல்லை, இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எனக்குப் பத்து நாள் இருந்தது.

ஒரு பெண்ணை உட்காரவைக்கப் பத்து நாள் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அதனால் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வயது இருபத்தொன்பது. படிப்பு பி.எஸ்சி. கணிதம். வீடு சிங்கவரம், வேலை செஞ்சி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில். கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தேன் என்பது இங்கே தேவையில்லை. ஊருக்கும் தேவைப்படவில்லை, அதுவே ஏழெட்டுக் காரணங்களைத் தயாராக வைத்திருந்தது. என்னைப் போன்றவர்களுக்கென்று வாழாவெட்டி என்று ஒரு பட்டமும் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, இதை மட்டும் ஒருவரும் மறந்ததில்லை.

பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் நைனா பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

“மூஞ்சி கழுவி வுடறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு ஹாஸ்டல் வேறயா?”

கொஞ்ச நேரம் கழித்து, “ரூம்ல ஃபேன் இருக்குதான்னு கேட்டுக்க” என்றார். எங்கள் நைனா அகராதியில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

உடனே பழக ஆரம்பித்தேன். புருவம் எடுக்கிற நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கையிலும் முறுக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் சொந்தக் காலில் பழகுங்கள் என்று யூடியூபில் ஒரு அம்மா சொன்னார். மூன்றாம் நாள் உதடு வெட்டுப்பட்டிருந்தது, முழங்காலுக்குக் கீழே ஆடு மேய்ந்த வரப்பு மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. முகம் நீவிவிடுவதைச் சுரைக்காயில் பழகினேன். கன்னம், தாடை, நெற்றி என்று பேனாவால் குறித்து, தினமும் வேலைக்குப் போவதற்கு முன் கீழிருந்து மேலாக அரை மணி நேரம் நீவினேன். ஐந்தாம் நாள் கடையிலிருந்து வந்தால் முகத்தைக் காணோம். அம்மா கூட்டு வைத்துவிட்டிருந்தாள். சாப்பிடும்போது நைனா, காய் இன்று நல்ல பதம் என்றார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் தெருவில் மாடல் தேடினேன். முதல் வீட்டில் இருந்த பெண், அலங்காரம் என்றதும் துள்ளிக் குதித்தாள். உள்ளே போய் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தபோது அவளுக்குப் பரீட்சை வந்துவிட்டிருந்தது. இரண்டாவது வீட்டிலும் பரீட்சை. நான்காவது வீட்டுப் பெண் படிப்பை நிறுத்தி இரண்டு வருடமாகிறது, அவளுக்கும் பரீட்சை. ஒன்றரை மாதம் தள்ளி நடக்கப்போகிற என் தேர்வன்று சிங்கவரத்துப் பெண்கள் அத்தனை பேரும் எங்கேயோ வரிசையாக உட்கார்ந்து பரீட்சை எழுதப்போகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வெளிப்படையாகப் பேசியது சித்தி மட்டும்தான். சித்தப்பா வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல இருக்கும், நடுவில் ஒரு சுவர். சித்திக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் போன வருடம் கல்யாணமாகிவிட்டது. சின்னவள் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். அவளைத்தான் கேட்டுப் போயிருந்தேன்.

“தப்பா எடுத்துக்காதம்மா” என்று சித்தி ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் யாராவது இப்படி ஆரம்பித்தால் பக்கத்தில் இருக்கிற சுவரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

“நீ இன்னா வேணா படி. புருவம் எடு, தலைக்கு டை அடி, யாரு வேணான்றா? ஆனா பொண்ணுக்கு அலங்காரம்னா அதுக்குன்னு ஒரு கை இருக்குது இல்ல? வாழ்ற பொண்ணு தொடணும். இது கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு. பெரியவளுக்கு பஜார்ல பார்லர் வச்சிருக்காங்களே, அவங்கதான் போட்டாங்க. இன்னா கைராசி தெரியுமா! பத்தாவது மாசம் புள்ள பொறந்துச்சி.”

“எனக்கும் அவங்கதான போட்டாங்க சித்தி?”

சித்தி ஒரு நொடி யோசித்தாள். ஒரே ஒரு நொடிதான்.

“அது உன் தலையெழுத்து. அதுக்கு அவங்க கை இன்னா பண்ணும்?”

நான் கணிதம் படித்தவள். நல்லது நடந்தால் கை, கெட்டது நடந்தால் தலை என்ற இந்தக் கணக்கை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சித்தி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஜாருக்குப் போனேன். அந்தப் பார்லர் பாத்திரக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. கோட்டை பார்க்க வருகிற வெளியூர்ப் பெண்கள்கூட வெயிலில் கறுத்துப்போன முகத்தோடு அங்கே ஏறுவார்கள். நடத்துகிற அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், காலில் கனமான மெட்டி, மஞ்சள் தேய்த்த தாலிக்கயிறு ரவிக்கைக்கு வெளியே தெரியும்படி. உள்ளே வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். விஷயத்தைச் சொல்லி, உங்களிடம் வேலை செய்கிற பெண்களில் யாராவது மாடலாக வருவார்களா என்று கேட்டேன்.

“நல்லா இருக்குதே. நீ படிச்சிட்டு வந்து எனக்கு எதுத்தாப்ல கடை போடுவ. அதுக்கு நான் ஆளு குடுக்கணுமா?”

நியாயம்தான். எழுந்துகொண்டேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, கதவைச் சாத்தினார்.

“கைராசி எங்கருந்து வருதுன்னு நெனச்ச? நல்லா இருக்கறவ ஸ்வீட்டு வாங்கினு வந்து, ‘உங்க கைராசிதான் யக்கா’ன்னுவா. நல்லா இல்லாதவ எதுக்கு வரப் போறா? நீயே இப்பதான வர்ற.”

பிறகு தாலியைத் தூக்கிக் காட்டினார்.

“ஆளு போயி ரொம்ப வருசம் ஆவுது. திருப்பூர்ல அவருக்கு வேற குடும்பம். அவரு கட்டனத எப்பயோ வித்துட்டேன். இது நானே வாங்கிக் கட்டிக்கினது. உங்க பாண்டில வெள்ளைக் கோட்டுன்றாங்க இல்ல, எனக்கு இதான் கோட்டு. நீயும் ஒரு மெட்டி வாங்கிப் போட்டுக்க. கேட்டா துபாய்ல இருக்காருன்னு சொல்லு. யாரு ஃபிளைட்டு ஏறிப் போயி பாக்கப் போறா?”

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. செஞ்சி தாலுகாவில் பாதி கல்யாணங்கள், இந்த அக்கா தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்ட கயிற்றை நம்பி நடந்திருக்கின்றன. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். இத்தனை கெட்டிக்காரியே இந்த ஊரில் பிழைக்கப் புருஷன் இருப்பதாக வேஷம் போட வேண்டியிருந்தால், உதடு வெட்டிக்கொண்டு நூல் பழகுகிற நான் எந்த மூலைக்கு? மெட்டி வாங்கவில்லை. கொள்கை என்றெல்லாம் சொல்லமாட்டேன். வெள்ளிக்கடைக்காரர் நைனாவுக்குத் தெரிந்தவர். இந்த விஷயத்தை எழுதட்டுமா என்று பின்னால் அந்த அக்காவிடம் கேட்டேன். “எழுதிக்க, எவ படிக்கப் போறா” என்றார்.

இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. வீட்டில் அம்மா மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பட்டியலை மறுபடி படித்துப் பார்த்தேன். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றுதான் இருந்தது, எவ்வளவு நிரம்பலாம் என்று இல்லை.

“ம்மா, நீயே உக்காரேன். ஒரு நாள்தான். பட்டுப்புடவை கட்டிப் பாண்டிய பாத்த மாதிரியும் ஆச்சு.”

“எனக்கு எதுக்குடி இந்த வயசுல பொண்ணு வேசம், ஊரே சிரிக்கும்” என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை தானாகப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது. நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்துவிட்டாள். கையை இறக்கிக் கொட்டையை உரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன்.

புருஷன் வீட்டுக்கு வந்து, “இன்னும் ஒரு நாளு கூட வேணாம், பொட்டிய எடு” என்று என்னைக் கூட்டிவந்தவள் இதே அம்மாதான். தெருவே வேடிக்கை பார்க்க, என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அந்தக் கையைத் தன் முகத்தில் படவிட அவளுக்குப் பயமாக இருந்தது. நைனாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். அன்றைக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

சேருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போக வழியில்லை என்று ஆகிவிட்ட பிறகும் அந்த வெள்ளைக் கோட்டுக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவு ரோஷம். சித்தியின் சின்னப் பெண் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“யக்கா, மாடலு கெடச்சிதா?”

“இல்ல.”

“நான் வரேன்.”

“உங்கம்மா?”

“அவங்களுக்குத் தெரியாது. எனக்கு இருவது வயசு ஆவுது. நானே கையெழுத்து போடுவேன்.”

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி ஃபாரத்தை எடுத்து வந்தேன். செல்போனில் போட்டோ எடுத்தேன். அலர்ஜி இல்லை என்று எழுதி, துவைக்கிற கல்லின் ஈரமில்லாத ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நம் குடும்பத்திலும் மூளை உள்ள ஒருத்தி இருக்கிறாள் என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

“யக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?” குரலைத் தாழ்த்தினாள். “உன் கை பட்டா கல்யாணம் நடக்காதுன்றாங்களே, நெஜமா?”

என் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

“வர்ற வெள்ளிக்கிழம வந்தவாசிலருந்து பொண்ணு பாக்க வராங்க. எனக்கு எம்.எஸ்சி. படிக்கணும். நைனாகிட்ட சொன்னேன், அம்மாகிட்ட அழுதேன், ரெண்டு நாளு சோறு துன்னாம கூட இருந்து பாத்தேன். ஒண்ணும் நடக்கல. உன் தேர்வு வரைக்கும் தாங்காதுக்கா. இப்பயே ஒரு தபா தடவி வுடேன்.”

கிண்டல் இல்லை. சாமி கும்பிடுகிற முகம் அது. திரும்பி வந்ததிலிருந்து மூன்று வருடமாக எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன். கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் உங்கள் மண்டையில் இருக்கிறது என்று நைனாவிடம், சித்தியிடம், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அதே பதிலை இவளுக்கும் சொல்லலாம். சொன்னால், கல்லின் மேல் இருந்த அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பாண்டி பஸ் நான் இல்லாமல் போகும். நாளைக்கும் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஊரார் சாதிச் சான்றிதழைப் பிரதி எடுத்துக்கொண்டிருப்பேன்.

ஃபாரத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“நெஜந்தான்” என்றேன்.

அவள் கண்ணை மூடி முகத்தைத் தூக்கினாள். நீலமும் சோப்பும் ஒட்டியிருந்த என் இரண்டு கையையும் தானே பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். “நெத்திலயும் வை யக்கா” என்றாள். நெற்றியிலும் வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கையை எடுக்கவும் மனசு வரவில்லை.