எழுத்து கைவிட்ட கடைக்காரம்மா

அந்தப் புத்தகக் கடையில் நுழைந்ததும் இடது கைப் பக்கம் சரித்திரம். எதிர்ச் சுவரில் பண்பாடும் கலையும். வலது பக்கம் நான்கு தட்டுகளில் எல்லா மதத்து நூல்களும் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கும். வாசலை ஒட்டிக் கட்டிய கம்பியில் கிளிப் மாட்டித் தொங்குபவை காமிக்ஸ். முதல் மூன்றும் கடைக்காரம்மாவின் ராஜ்யம். காமிக்ஸ் மட்டும் அவள் கணவருடையது.

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த கடை அது. கணவருக்குக் கணக்குப் பார்ப்பதும் பார்சல் கட்டுவதும் நன்றாக வரும். ஆனால் புத்தகம் என்றால் அதில் படம் இருக்க வேண்டும், பலூனுக்குள் வசனம் இருக்க வேண்டும், கெட்டவன் கடைசியில் வகையாக மாட்ட வேண்டும். கடைக்காரம்மா நேர் எதிர். எந்தப் புத்தகமும் அவள் நாலு பக்கமாவது படித்த பிறகுதான் அலமாரிக்குப் போகும். வருகிறவர்கள் பாதித் தலைப்பைச் சொன்னால் மீதியை அவள் சொல்வாள். எந்த அரசனைப் பற்றி எது நல்ல புத்தகம், எது வெறும் அளப்பு என்பதெல்லாம் அவள் நுனி நாக்கில் இருந்தது. மீசை நரைத்த பிறகும் பொம்மைப் படம் பார்க்கிறாரே என்று கணவரைக் கேலி செய்வாள். அவரும், “உன் ராஜாக்கள் எல்லாரும் செத்துட்டாங்க, என் ஆளு இன்னும் பறந்துக்கிட்டிருக்கான்” என்று விட்டுக் கொடுக்காமல் பேசுவார்.

ஒரு காலையில் லேசான தலைவலியோடு எழுந்தாள். காபியை ஆற்றிக்கொண்டே பேப்பரை விரித்தவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எழுத்துகள் இருந்தன. மங்கலாகக் கூட இல்லை, வளைவும் சுழியும் புள்ளியும் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் முன்பின் பார்த்திராத ஏதோ ஒரு நாட்டு எழுத்தைப் போல அவை சும்மா கிடந்தன. வேறு மொழிப் பேப்பரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் தினமும் வரும் நகைக்கடை விளம்பரம் இருந்தது. படத்தை வைத்துத்தான் அதையும் கண்டுபிடித்தாள்.

கண்ணாகத்தான் இருக்கும் என்று கண்ணாடிக் கடைக்குப் போனாள். அங்கிருந்தவர் சுவரில் மாட்டிய அட்டையைக் காட்டி, கடைசி வரியை வாசிக்கச் சொன்னார். முதல் வரியே அவளுக்கு வாசிக்க வரவில்லை. தலை சுற்றுகிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்தவள், போகிற வழியில் வலது தோளைக் கதவில் இடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் வலது பக்கத்தில் எதையாவது இடித்துக்கொண்டேதான் இருந்தாள்.

விசித்திரம் என்னவென்றால், எழுத வந்தது. வெளியூர் பார்சலுக்குக் கணவர் சொல்லச் சொல்ல விலாசம் எழுதினாள். கை அதன் பாட்டுக்கு ஓடியது. சரியா இருக்கா, ஒரு தடவை படி என்றார் அவர். குனிந்து பார்த்தாள். மை கூடக் காயாத சொந்தக் கையெழுத்து அவளை யாரோ போலப் பார்த்தது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்துப் போனவள். அது ஆரம்பித்ததும் இப்படித்தான். முதலில் பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் போயின, பிறகு பிள்ளைகளே போனார்கள். தன் முறை வந்துவிட்டது என்று இவள் முடிவு கட்டிக்கொண்டாள். வாய்விட்டுச் சொன்னால் அது உறுதியாகிவிடும் என்று தோன்றியது.

பூசி மெழுகிக்கொண்டு ஓட்டினாள். அட்டையின் நிறமும் தடிமனும், எந்தத் தட்டில் எத்தனையாவது என்பதும் மனப்பாடமாக இருந்ததால் வியாபாரம் தட்டுத் தடுமாறி நடந்தது. ரூபாய் நோட்டுக்கு நிறம் இருந்தது. வெளிநாட்டிலிருந்த மகள் போனில் அனுப்பும் செய்திகளுக்கு, கண் வலிக்குது, பேசியே அனுப்பு கண்ணு என்று சமாளித்தாள்.

மத்தியானங்களில்தான் தாங்க முடியவில்லை. சோறு இல்லாமல் கூட இருந்துவிடுவாள், படிக்காமல் இருந்ததில்லை. ஒரு நாள் கை தானாகக் கம்பியில் தொங்கிய காமிக்ஸை எடுத்தது. பலூன்களை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்தாள். எவன் ஓடுகிறான், எவன் துரத்துகிறான் என்பது புரிந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

கணவர் அதைப் பார்த்துவிட்டார். அவர் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து இவள் நம் கட்சிக்கு வந்துவிட்டாளே என்று, தான் பத்திரமாக வைத்திருந்த பழைய இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சாப்பிடும்போது கேட்பார், அந்தக் குகைக்குள்ளே கிழவன் சொன்ன ரகசியம் எப்படி என்று. பிரமாதம் என்பாள். அவர் அதற்கு மேல் தானே சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள்.

மனைவி களைத்துப் போயிருக்கிறாள் என்பது மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத நூல் அலமாரியைத் தூசி தட்டி, புத்தகங்களை உயரவாரியாக அழகாக அடுக்கி வைத்தார். அதை அவளிடம் சொல்லவும் மறந்துவிட்டார்.

மறுநாள் மாலை, அடுத்த தெருவில் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர் கையில் கிரீஸோடு அப்படியே ஓடி வந்தார். அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர்கள் மதத்து நூலைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாராம், வீட்டிலிருந்தது கிழிந்து போய்விட்டதாம். கடைக்காரம்மா இரண்டாவது தட்டில் கை வைத்தாள். நீல அட்டை, தங்க எழுத்து, கனம் எல்லாம் சரியாக இருந்தன. தாளில் சுற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு பறந்தார். அதே அச்சகத்தார் இன்னொரு மதத்தின் நூலையும் அதே நீலத்தில் போட்டிருந்தார்கள்.

கட்டிலருகே பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் மகனுக்கு விஷயம் தெரிந்தது. திரும்பி வர நேரமில்லை. இருட்டுவதற்குள் அப்பா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, சிவந்த கண்ணோடு ரிப்பேர்காரர் கடைக்கு வந்தார். கூட அவர் தம்பியும் தெருக்காரர்கள் சிலரும். புத்தகத்தை மேஜை மேல் வைத்தார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“நாங்க யாருன்னு தெரிஞ்சுதானே இதைக் குடுத்தீங்க?”

கணவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடையின் மானம் போகிறதே என்ற வேகத்தில், தன் வீட்டம்மா இத்தனை வருஷத்தில் ஒரு புத்தகம் மாற்றிக் கொடுத்ததில்லை, வேறெங்கோ வாங்கிவிட்டு இங்கே வந்து பேசாதீர்கள் என்று எகிறினார். அந்தப் பேச்சு நெருப்பில் எண்ணெய் ஆயிற்று. வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்றான் தம்பி. இதைச் சும்மா விடக் கூடாது என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ கம்பியைப் பிடித்து இழுத்ததில் காமிக்ஸ் எல்லாம் வாசலில் சிதறின. எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கடைக்காரம்மா எழுந்தாள்.

“புத்தகம் இங்க வாங்கினதுதான். நான்தான் குடுத்தேன். வேணும்னு குடுக்கல. எனக்குப் படிக்க வரல.”

யாரோ சிரித்தார்கள். புத்தகக் கடை வைத்திருப்பவருக்குப் படிக்க வரவில்லையாம் என்றார்கள். ரிப்பேர்காரர் சிரிக்கவில்லை. பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி அவள் முன்னால் நீட்டினார்.

“இது என்னன்னு சொல்லுங்க.”

அவள் வாங்கிப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அத்தனை பேர் நடுவில், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்த குழந்தையைப் போல நின்றாள்.

“சிவப்பு அட்டை. மேல பெருசா எழுதியிருக்கு. அவ்வளவுதான் தெரியுது.”

அவள் முகத்தைக் கணவர் பார்த்தார். ரிப்பேர்காரரும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடிப்பு இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு கோபத்தோடு வந்தவருக்கு இப்போது அதை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. படியில் உட்கார்ந்து கிரீஸ் கறை போகாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தம்பி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். நீலப் புத்தகம் மேஜையிலேயே கிடந்தது.

கணவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, வாசலில் கிடந்த காமிக்ஸைப் பொறுக்கினார். மண்ணைத் தட்டி, மடங்கிய ஓரங்களை நீவி ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு கேட்டார்.

“அப்ப இதெல்லாம் நீ படிக்கவே இல்லையா?”

“படம் பாத்தேன்.”

“நான் பைத்தியக்காரன் மாதிரி தினம் கதை பேசிட்டிருந்தேன்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அம்மாவைப் பற்றியும் தன் பயத்தைப் பற்றியும் அப்போதுதான் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அன்று இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மூளையில் ஒரு சின்ன இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாக டாக்டர் சொன்னார். இது அம்மாவுக்கு வந்த வியாதி இல்லை. நினைவும் புத்தியும் அப்படியே இருக்கும், கண் பார்த்ததை எழுத்தாகப் புரிந்துகொள்ளும் இடம் மட்டும் அடிபட்டிருக்கிறது. வலது பக்கப் பார்வை குறைந்ததும் அதனால்தான். உடனே வந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகச் செய்திருக்கலாம் என்றார். ஒவ்வோர் எழுத்தையும் விரலால் வரைந்து பார்க்கச் சொன்னார். கண் மறந்ததைக் கை சொல்லிக் கொடுக்கலாம், எவ்வளவு திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். வெளியே வந்ததும் கணவர் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாலையைக் கடக்கும்போது அவளுடைய வலது பக்கமாக மாறி நடந்தார்.

பிறகு இருவரும் சரியான புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரிப்பேர்காரர் வீட்டுக்குப் போனார்கள். அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கடைக்காரம்மா மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

“உங்க மேல கோபம் இல்லம்மா. ஆனா எங்கப்பா கடைசியா கேட்டது அது ஒண்ணுதான்.”

நீட்டிய புத்தகத்தை அவர் வாங்கவில்லை. திரும்பி நடக்கும்போது அது அவள் கையில் கனத்தது. அதற்குப் பிறகு கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் அவர் மரியாதையாக ஒதுங்கிப் போவார். பேசுவதில்லை.

மகள் வந்தாள். கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்துவிடுங்கள் என்று மன்றாடினாள். கடைக்காரம்மா அசையவில்லை, அங்கே வந்து யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது என்று கேட்டாள். கோபித்துக்கொண்டு போன மகள், ஊர் போய்ச் சேர்ந்த செய்தியை எழுதாமல் பேசியே அனுப்பினாள்.

வியாபாரம் பழையபடி இல்லை. மத நூல் அலமாரிப் பக்கம் அவள் போவதை விட்டுவிட்டாள். அது இப்போது கணவர் பொறுப்பு, கொடுப்பதற்கு முன்னால் தலைப்பை உரக்க வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார். சரித்திரப் புத்தகங்களும் அவர் தலையில் விழுந்தன. அப்பனையும் மகனையும் குழப்பி, ஒரே அரசனை இரண்டு தடவை சாகடிக்கிறார். அவள் நாற்காலியில் இருந்தபடியே திருத்துவாள். தெரியாத ஆட்கள் வந்து புத்தகத்தை நீட்டி ஏதாவது கேட்டால், “எனக்கு வாசிக்க வராது, பேரைச் சொல்லுங்க” என்பாள். சிலர் சிரிப்பார்கள். சிலர் பேரைச் சொல்வார்கள். பேரைச் சொன்னவர்களோடு அரை மணி நேரம் பேசுவாள்.

மத்தியானத்தில் காமிக்ஸ் விரிக்கிறார்கள். பலூனுக்குள் எழுத்து பெரிதாக இருப்பதால் கணவர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். ஆள்காட்டி விரலை எழுத்தின் மேல் வைத்து இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். ‘ட’வும் ‘ப’வும் வந்துவிட்டன. ணகரமும் னகரமும் இன்னும் படுத்துகின்றன. ஒரு பலூனை முடிப்பதற்குள் வியர்த்துவிடுகிறது. சில நாள் நாலு சொல் சேர்ந்தாற்போல் வரும். அடுத்த நாள் அதே சொல் யாரோ போல நிற்கும், புத்தகத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாள். கணவர் கூப்பிடுவதில்லை. பக்கம் தவறிவிடாமல் விரலை வைத்துக்கொண்டு, அவள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்.