ஐந்து துண்டு வசம்பு

எறையூரில் கரும்பு வெட்டப் போகிற செங்கமலத்துக்கு ஒரு பெருமை உண்டு. தெருவில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் வசம்பை ஐந்து துண்டாக நறுக்கி, துளை போட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கையில் கட்டிவிடுவது அவள்தான். காசு வாங்க மாட்டாள். பீற்றிக்கொள்வதற்கு மட்டும் குறைச்சல் இல்லை. "எங்கையால கட்டுன புள்ளைக்கு ஒரு சீக்கு வந்திருக்கா, சொல்லு?"

2001 தை மாதம், ஒரு காலையில் பக்கத்து வீட்டு வேம்பு தன் ஏழு மாதப் பிள்ளை அறிவரசனோடு வந்தாள். அவன் சட்டையெல்லாம் எச்சில்.

"நேத்துலேருந்து சொள்ளு நிக்கலக்கா. பாலும் குடிக்க மாட்டேங்குறான்."

"பல்லு மொளைக்குதுடி. இதுக்கா ஓடியாந்த?"

மதியம் மறுபடி வந்தாள். இப்போது எச்சில் தொண்டையிலேயே நின்று களகளவென்றது. விழுங்க முடியாமல் திணறி, முகம் சிவந்து, இருமி வெளியே தள்ளினான். அழக்கூடத் தெம்பில்லை. செங்கமலம் எதற்கோ அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். கடித்துக் கடித்து ஊறிப்போன கயிற்றில் நாலு துண்டுதான் இருந்தது.

ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோவில் செங்கமலம் பிள்ளையை மல்லாக்கப் போடாமல் முன்பக்கம் சாய்த்துப் பிடித்தபடியே பெரம்பலூர் ஆஸ்பத்திரி வரை போனாள். அவன் எச்சிலில் அவள் மடி நனைந்துகொண்டே இருந்தது.

டாக்டர் தொண்டைக்குள் இடுக்கி விட்டு அந்த ஐந்தாவது துண்டை எடுத்துத் தட்டில் போட்டார். பாக்கில் பாதிகூட இல்லை. பிள்ளை வீறிட்டு அழுதான்.

"நீ எண்ணிப் பாத்ததாலதான்க்கா எம்புள்ள பொழச்சான்" என்று வேம்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செங்கமலம் கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் வீடு வீடாகப் போய், தான் கட்டிய கயிற்றையெல்லாம் அறுத்தாள். கலியம்மாள் வீட்டு வாசலுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. போன ஆடியில் அந்த வீட்டுப் பெண் குழந்தை மூன்று நாள் சொள்ளு வடித்து, பால் குடிக்காமல், புரையேறிச் செத்துப்போனது. சளி என்றார்கள். முதல் நாளே பல்லு என்று சொன்னவள் செங்கமலம். குழியில் இறக்கும்போது கயிற்றை அவிழ்க்கப் போனார்கள்.

"வேணாம், அதோடயே போவட்டும்" என்று தடுத்ததும் அவள்தான். அதில் எத்தனை துண்டு இருந்தது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.